ஏழாம் லயத்தின் ஃபோல்டர்

எங்கள் இறப்பர் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளாகப் பதினான்கு லயங்கள். ஒவ்வொரு லயத்தின் சுவரையும், பின்னாலுள்ள மேட்டையும் படம் பிடித்து, லயத்துக்கு ஒரு ஃபோல்டராகக் கம்பியூட்டரில் வைத்திருந்தார்கள். மழைக்கு முன் மண்சரிவு பார்க்க வரும் அதிகாரிகளுக்கு அவற்றைச் சீடியில் கொடுக்கவேண்டும். பெரிய கிளாக்கர் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது.

இரத்தினபுரியிலிருந்து கம்பியூட்டர் கடைக்காரரை வரவழைத்தோம். கறுப்புத் திரையில் சில வரிகள் அடித்தார். ஒன்றிலிருந்து பதினான்கு வரை தானே எண்ணி, அந்தந்த ஃபோல்டரைப் பிரதி எடுத்துக்கொண்டு போகும் கட்டளை. ஆறு வரை ஓடியது. ஏழில் நின்றது. அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை என்றது.

"ஏழு எங்கங்க?" என்றார்.

"அது மூடின லயம். மேடு சரிஞ்சப்பவே ஆளுகள எடுத்தாச்சு."

"அப்ப, இல்லாட்டித் தாண்டிப் போன்னு ஒரு வரி போட்டாச் சரி. ஆளில்லாத ஹோல்ட்ல பஸ் எதுக்குங்க நிக்கணும்?"

வரியைச் சேர்த்தார். இந்தமுறை எங்கும் நிற்காமல் ஓடி முடிந்தது. அவர் திருப்தியாகப் பிளேன்டீ குடித்துவிட்டுப் புறப்பட்டார்.

அந்த ஹோல்ட்டில் ஆள் இருந்தது. மேடு சரிந்தபோது வெளியேற்றிய குடும்பங்களை, முன்பு இறப்பர் ஷீட் காயவைத்த பழைய புகைக்கூடத்தில் இருத்தியிருந்தார்கள். கரி உதிரும் அந்தக் கூரையின்கீழ் இருக்கமுடியாமல் மூன்று குடும்பங்கள் ஏழாம் லயத்துக்கே திரும்பிவிட்டன. எங்கள் தோட்டத்தில் சுவரிலுள்ள எண்ணைச் சுரண்டிவிட்டால் லயம் மூடியதாகக் கணக்கு. பிறகு ஆபிசிலிருந்து யாரும் அங்கே போவதில்லை. தோட்டத்தை நடத்தும் துரைக்கும் தெரியும். யாரும் கேட்காதவரை தெரியாததுபோல இருப்பார்.

மறுநாள் கேமராவோடு ஏழாம் லயத்துக்கு ஏறினேன். பால்வெட்டு முடித்து வந்திருந்த பெண் தன் ஒற்றையறைக் காம்பிரா வாசலில் நின்றாள்.

"என்னாங்கையா, எங்களுக்குமா போட்டோ?"

"மேட்டத்தான் புடிக்கிறேன். வெடிப்பு பெருசாயிருக்கு."

"அது எங்களுக்குத் தெரியாதா? அந்தப் பொகக்கூடத்துக்குப் போனா புள்ளைக்கு இழுப்பு வருதே, அது போட்டோவுல வருமா? உட்டுருங்கையா. ஆபிசுக்கு நாங்க இல்லாத ஆளுகதானே."

லயத்தின் பின்பக்கம் போனேன். வெடிப்பில் குடையை விட்டுப் பார்த்தேன். பிடிவரை இறங்கியது.

படங்களை எடுத்துவந்து ஏழுக்கு ஒரு ஃபோல்டர் திறந்தேன். அதே கட்டளையை மறுபடி ஓட்டினேன். இப்போது அதற்குத் தாண்ட ஒன்றுமில்லை.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அன்றே காலிசெய்யச் சொன்னார்கள். புது வீடு பற்றிப் பிறகு பேசலாம் என்றார் துரை. மூன்று குடும்பங்களும் சட்டிபானையோடு மீண்டும் புகைக்கூடத்துக்குப் போயின.

அந்த வருடம் மழை வலுத்தது. மேடு அசையவில்லை. காலையில் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது, எல்லாருக்கும் கேட்க அவள் சொல்வாள்: "கிளாக்கரையா, மல கெளம்பிருச்சாங்களா? பஸ் கெடைக்கலியாக்கும்." பெண்கள் சிரிப்பார்கள். அவள் சிரிப்பதில்லை. இடுப்பிலிருந்த பிள்ளையின் மூச்சு எனக்குக் கேட்கும்.

மழை விட்ட காலைகளில் ஆபிஸ் படியில் நின்று அந்த மேட்டைப் பார்ப்பேன். நிம்மதிப்பட வேண்டியவன்தான். ஆனால் ஒரு நாள், அது சரிந்திருந்தால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கலாமே என்று நினைத்துவிட்டேன்.