அக்கா எடை போட்ட பொடி

2002-ஆம் வருஷம். தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். மணலிப் பக்கத்துக் கால்வாய்த் தண்ணீரை பாக்டீரியாவோடு சேர்த்து, அதன் மரபணு மாறுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. சோதனை சரியாக நடக்கிறதா என்று தெரிய, மரபணுவை நிச்சயம் மாற்றிவிடும் ஒரு பொடியையும் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும். புற்றுநோயையும் வரவழைக்கக்கூடிய பொடி அது. மூச்சு பட்டாலே பறக்கும். அதன் தூசியை வெளியே இழுக்கும் மின்விசிறி பழுதாகிக் கிடந்தது. "சரி பண்ணிடலாம்" என்று மேலதிகாரி சொல்லிக்கொண்டே இருந்தார்.

என்னோடு வேலை பார்த்த அக்கா வியாசர்பாடிக்காரர். என்னைப் போலவே எம்.எஸ்ஸி. படித்தவர். இருவரும் முறை வைத்துப் பொடியை எடை போடுவோம். என் முறை வந்த ஒரு காலையில், கையுறையை மாட்டிக்கொண்டு புட்டியை எடுத்தேன். அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"நவுரு. வவுத்துல புள்ளய வச்சிகினு இத்தத் தொடுவியா?"

திடுக்கிட்டுப்போனேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"தெனம் ஓடி ஓடி வாந்தி எடுக்கறே. எனுக்குத் தெரியாதா இன்னா? இனிமே இது என் வேலை."

அதற்குப் பிறகு என் முறையையும் அக்காவே பார்த்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது, அவ்வளவுதான். பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் விசேஷத்துக்குத் திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு வந்த அக்கா, குழந்தையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. வழியனுப்பும்போது, "உங்களுக்கும் சீக்கிரமே ஒண்ணு பொறக்கணும்க்கா" என்றேன், வாய் நிறைய.

அக்கா செருப்பை மாட்டியபடியே சொன்னார்: "நீ முழுவாம இருந்தியே, அப்போ எனுக்கும் தங்கியிருந்துச்சும்மா. எனுக்கே தெரியாது. தெரியறதுக்குள்ள கலைஞ்சிபூட்ச்சி."

"அந்தப் பொடியாலயாக்கா?"

"அப்டிலாம் சொல்ல முடியாதுன்னுட்டாங்க டாக்டரம்மா. வுடு. கொயந்த நல்லாகீது இல்ல, அது போதும்."

கொஞ்ச நாளில் அக்கா அந்த வேலையை விட்டுவிட்டார். அவர் கரு கலைந்ததற்குப் பொடிதான் காரணமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் என் மகளைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று மட்டும் உறுத்துகிறது: உயிரைக் கெடுக்கிற பொருள் என்று நன்றாகத் தெரிந்தும், எங்களில் யாராவது ஒருத்தர் அதைத் தொட்டே தீர வேண்டும் என்று நாங்கள் இருவருமே ஏன் நம்பினோம்?