அரைப்பேர் கம்சலா

எங்கள் அக்கா கம்சலா ஒரு பெருமூச்சு விட்டால் அப்புத்தளையில் பனிமூட்டம் கலையும். ஹாலிஎலயில் ரயில் பத்து நிமிடம் முந்தி வரும். நான் ஒன்பதாம் ஆண்டோடு புத்தகத்தை மூடியவள் என்பதால் இதை யாரும் நம்புவதில்லை.

அக்கா உயர்தரப் பரீட்சை பாஸ். டீச்சர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் அம்மா மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு போன பிறகு, எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் பேர் தேயிலைத் தோட்டத்து வேலைக் கணக்கில் இருந்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. பேர் இல்லாவிட்டால் நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவைக் காலி செய்யச் சொல்வார்கள். அக்கா சான்றிதழ்களைத் தகரப்பெட்டிக்குள் போட்டுவிட்டுக் கூடையை மாட்டினாள்.

சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் அன்றைக்கு முழுப்பேர், முழுச் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். அக்காவுக்கு வாரத்தில் நாலு நாள் அரைப்பேர்தான். கை மந்தமில்லை. பத்து இருபதுக்குக் கீழே வளைவில் திரும்பிப் பதுளைக்குப் போகும் பசறை பஸ்தான் காரணம். அதில் நிமலன் கண்டக்டர். டிரைவர் அவனுக்காக ரெண்டு குட்டை ஹார்ன், ஒரு நீட்டு ஹார்ன் அடிப்பார். அக்கா தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டுவாள். அவன் மிதிபலகையில் நின்று கையைத் தூக்குவான். மொத்தக் காதலும் இவ்வளவுதான். அதற்குப் பிறகு அரைமணி நேரம் அவள் கை செடியில் இருக்கும், கண் ரோட்டில் இருக்கும்.

"என்னா புள்ள, பஸ்ஸா வந்து கொழுந்து எடுத்துக் குடுக்கும்?" என்பார் வேலையை மேற்பார்க்கும் கங்காணி.

ஒரு நாள் அந்த ஹார்னைப் போனில் பதிந்து வைத்து, ஒன்பது மணிக்கே செடிக்குப் பின்னாலிருந்து ஒலிக்க விட்டேன். அக்கா கையிலிருந்த கொழுந்தைக் கொட்டிவிட்டு ஓடினாள். வெறும் ரோட்டைப் பார்த்துத் துண்டை ஆட்டினாள். சிரிப்பதற்குத் திறந்த என் வாய் அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கே அந்த ஹார்னை அழித்துவிட்டேன்.

அடுத்த மாதம் சீனி திருடப் போனபோது, மாவு டின்னுக்கடியில் ஒரு கடிதம் அகப்பட்டது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அக்கா தெரிவாகியிருந்தாள். மூன்று வருஷம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். ஒன்றாம் தேதி போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும்.

"ஏன்க்கா ஒளிச்சு வச்ச?"

"நான் போயிட்டா வீட்டுப் பேரு? நீயா குடுப்ப? எட்டு மணிக்குக்கூட எந்திரிக்க மாட்ட."

எனக்குப் பதினெட்டு முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மறுநாள் ஆறு மணிக்கே ஆபீஸ் வாசலில் நின்று பேர் கொடுத்தேன். வந்து சொன்னதும் அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே இடத்தைத் தடவிக்கொண்டே நின்றாள்.

அவள் கிளம்பியதும் அந்தப் பத்து இருபது பஸ்ஸில்தான். பை தூக்கும் சாக்கில் பதுளை வரைக்கும் நானும் போனேன். உண்மையில் ஒட்டுக் கேட்கத்தான்.

"மூணு வருஷங்க," என்றாள் அக்கா.

"நின்னுக்கிட்டே பொழைக்கிறவன் நானு. மூணு வருஷம் நிக்க மாட்டேனா?" என்றான் நிமலன்.

"உங்க வீட்டுல நிக்க விடுவாங்களா?"

அவன் டிக்கெட் புத்தகத்தைப் புரட்டினான். எனக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். பதுளை வரும்வரை அக்கா ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தாள்.

இப்போது தினமும் சாயங்காலம் அங்கிருந்து எனக்குப் போன் எடுப்பாள். நேற்றும் எடுத்தாள்.

"இன்னிக்கு முழுப்பேரா?"

"பின்ன? ஒன்னைய மாதிரியா நானு?"

"வடக்கால, ரோட்டுப் பக்கமா கொழுந்து எடுத்த?"

"அங்க எனக்கு என்ன வேலை? மேல எடுத்தேன்."

பிறகு, ஒன்றும் இல்லாதது போல, "இன்னிக்குப் பசறை பஸ்ஸு ஓடலையாமே?" என்றாள்.

"யாரு சொன்னா? பத்து இருபத்தஞ்சுக்கு வந்துச்சே. அவரும் மிதிபலகையிலதான், ஒனக்குப் பதிலா நான் துண்டை ஆட்டவும்..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"அப்ப ஒனக்கும் அரைப்பேருதான்டி," என்றாள் அக்கா.