ஏச்சுச் சத்தம்

பக்கவாதத்தில் விழுந்த அத்தையைச் சேர்க்கலாமா என்று பார்க்கத்தான், கோவில்பட்டிக்கு வெளியே கரிசல்காட்டு நடுவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய முதியோர் விடுதிக்குப் போனேன். கட்டிலும் தரையும் சுத்தமாக இருந்தன. ஆள் வருகிறான் என்றால் எந்த இடமும் சுத்தமாகத்தான் இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

"ஏட்டி, கஞ்சியில உப்பில்ல, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று ஒரு கிழவி ஆயாவை ஏசிக்கொண்டிருந்தாள். ஆயா கறுத்துப் பருத்த பெண். வெற்றிலையில் சிவந்த வாய். "கெழவிக்கு உப்பு ஒண்ணுதான் கொறச்சல்!" என்று அவளும் திருப்பி ஏசினாள். ஆனால் கை நிற்கவில்லை. கிழவியைப் பூப்போல ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்தது. அந்த முதுகில் ஒரு படுக்கைப்புண்கூட இல்லை.

"இப்படி ஏசுதாங்களே, கோவம் வராதா?" என்று ஆயாவிடம் கேட்டேன்.

"ஏசட்டும் அண்ணாச்சி. வாய மூடிக் கெடந்தாத்தான் எனக்கு ஈரக்கொல நடுங்கும்."

அத்தையைச் சேர்த்தேன். வீட்டில் இருந்ததைப் போலவே அங்கும் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். எனக்குத் தூக்கம் போயிற்று.

அடுத்த மாதம் போனபோது வாசலிலேயே அத்தையின் குழறிய குரல் கேட்டது: "ஏட்டி எருமை, கஞ்சி ஆறிப்போச்சு!" ஆயாவும் விடவில்லை. சண்டையைக் கெடுக்க மனமில்லாமல், வேப்பமரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சிரித்தபடி நின்றுகொண்டேன்.