சுளகில் இறங்கிய பனிமலை

முற்றத்துப் பாயில் நெல்லைப் பரப்பிவிட்டு, அதன் ஓரமாக றேடியோவின் நாலு பற்றரிகளையும் வரிசையாகக் கிடத்தினாள் சிவனேஸ்வரி. வெயில் பட்டால் செத்த பற்றரிக்கும் கொஞ்சம் உயிர் வரும் என்பது குடியேற்றத்தில் எல்லாரும் அறிந்த வைத்தியம். நெல்லைக் காகத்திடமிருந்து காத்தபடி, அப்பளம் காயவைக்கிறவள் மாதிரி அவற்றையும் புரட்டிப் புரட்டிவிட்டாள்.

அறுபத்துநாலாம் ஆண்டு மாசி மாதம். ஒஸ்ரியா நாட்டில் இன்ஸ்புறூக் என்ற ஊரில் பனிக்கால ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தது. பரந்தனுக்கு அப்பால் காடு வெட்டி வயலாக்கிய அந்த இடத்தில் அதைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆள் அவள்தான். வடமராட்சியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.சி. வரை இங்கிலீசில் படித்தவள். யோகலிங்கத்தைக் கட்டி, மூன்று ஏக்கர் காணியை நம்பி வந்து பத்து வருடம். விரல்களில் அரிவாள் தழும்புகள். ஆனாலும் லண்டன் வானொலிக்காரன் மூச்சுவிடாமல் கத்தினாலும் ஒரு சொல் தவறவிடமாட்டாள்.

விளங்கியதைத் தனக்குள் வைத்திருக்கவும் அவளால் முடியாது. பின்னேரமானால் பக்கத்துக் காணிக் கமலாசனியும் வேறு நாலைந்து பெண்களும் வந்து றேடியோவைச் சுற்றிக் குந்துவார்கள்.

"உந்தப் பனி மீன் பெட்டிக்குள்ளை போடுற ஐஸ் மாதிரியோ அக்கா?"

"அதைவிட மெத்து. இடிச்ச மா மாதிரி. இந்த முறை அங்கை பனி காணாதாம். பட்டாளத்துக்காரர் மலையிலை வெட்டிச் சுமந்து வந்து கொட்டினவையாம்."

"விளையாட்டுக்கே பட்டாளம் வருகுது. எங்கட வாய்க்காலைப் பாக்க ஒரு கவுண்மேந்து ஓவசியரும் வாறேல்லை!"

சொல்லி விளங்காத இடத்தில் நெல் புடைக்கிற சுளகு வந்தது. அதை யோகலிங்கம் இருக்கிற கதிரையின் காலில் சரித்து வைத்து, கீழே அரிசிமாவைப் பரப்பி, உச்சியிலிருந்து ஒரு புளியங்கொட்டையை விடுவாள். அது சறுக்கி வந்து, சுளகின் வாயைத் தாண்டிப் பறந்து மாவில் விழும். விழுந்த இடத்தை விரலால் அளப்பாள். "காலிலை பலகை கட்டி மலையிலையிருந்து பாயிறவனும் இப்பிடித்தான். ஆர் தூரப் போய் விழாமல் நிக்கிறானோ, அவன் கெட்டிக்காரன்."

"மனிசரைப் புளியங்கொட்டை ஆக்கிப்போட்டாய்," என்று யோகலிங்கம் தினமும் சிரிப்பான்.

"உங்களைக் காட்டவேணுமெண்டால் பூசணிக்காயெல்லோ உருட்டவேணும்!"

கடைசி நாள் பெரிய மலைப் பாய்ச்சல். நோர்வேக்காரன் ஒருவன் வெல்லக்கூடும், முடிவுவரை காட்டுகிறேன் என்று பெண்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் அதற்கு முதல் நாள் இரவு காட்டுப்பன்றிகள் இறங்கி, அறுக்காத நெல்லில் அரை ஏக்கரை உழக்கிப்போட்டன. யோகலிங்கத்தின் ரோச் லைற் செத்துக்கிடந்தது. பரந்தன் கடையில் பற்றரி முடிந்து நாலு நாள். வீட்டிலிருந்தது றேடியோவின் நாலும்தான்.

"பொழுதுபட முன்னம் நான் ரோச்சோடை வயல் பரணிலை நிக்கவேணும்," என்றான் அவன் காலையிலேயே.

"அதுக்கிடையிலை முடிஞ்சிடும். பற்றரியை எடுத்துத் தாறன்."

முடியவில்லை. அங்கே தொடங்கவே நேரமாகிவிட்டது. றேடியோப் பெட்டிக்குள் குரல் மெலிந்துகொண்டு போக, சிவனேஸ்வரி காதை அதில் ஒட்டவைத்துக் கேட்டு, ஒவ்வொருவனாக உருட்டினாள். பின்லாந்துக்காரன் மாவின் விளிம்புவரை போனான். பெண்கள் "ஆ!" என்றார்கள். நோர்வேக்காரனின் கடைசிப் பாய்ச்சலுக்கு இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள்.

வாசலில் யோகலிங்கம் வெறும் ரோச்சோடு நின்றான். அவனுக்குப் பின்னால் வயல் வரம்பு மங்கத் தொடங்கியிருந்தது.

அவள் வரம்பைப் பார்த்தாள். பிறகு பெட்டியின் பின்மூடியைக் கழற்றினாள். குரல் பாதிச் சொல்லில் நின்றது.

"ஐயோ அக்கா, அவன் இன்னும் பாயேல்லை!"

"பண்டி காத்துக்கொண்டிருக்காது பிள்ளை."

மூன்றை ரோச்சில் போட்டு அமத்திப் பார்த்தாள். மஞ்சள் வெளிச்சம் மாவில் விழுந்தது. நாலாவதையும் கணவனின் கையில் வைத்தாள். "மடியிலை வையுங்கோ. சூடு பட்டால் ஒண்டு மங்கேக்கை உதவும்."

அவன் போகாமல் நின்றான். கையோடு அவள் சுளகின் உச்சியில் எடுத்து வைத்த அடுத்த புளியங்கொட்டை விரலடியில் காத்திருந்தது.

"இஞ்சேர், உந்த நோர்வேக்காரன் வெல்லுவானோ?"

அறியாததைச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. காதால் கேளாத பாய்ச்சலை உருட்டவும் மனமில்லாமல், கொட்டையை விரலால் பிடித்தபடியே இருந்தாள். பெண்களும் அவளுடைய வாயைப் பார்த்தார்கள். யோகலிங்கம் பற்றரியை மடியில் சொருகிக்கொண்டு வெளியே போனான்.