தானே மாறிக்கொள்ளும் பூகோளப் புத்தகம்

பள்ளி நாட்களில் ஒரு மாயப் புத்தகம் கிடைத்திருந்தால் பறக்கும் வித்தையைக் கேட்டிருக்க மாட்டேன். பரீட்சைக் கேள்விகளைக்கூடக் கேட்டிருக்க மாட்டேன். அரசாங்கம் பாடத்தை மாற்றும்போது தானும் மாறிக்கொள்கிற ஒரு பூகோளப் புத்தகம் போதும். ஓய்வு பெற்ற பிறகு மத்தியானத்தில் கண்ணை மூடினால் அந்தப் புத்தகம்தான் வருகிறது. எழுந்து நடந்துவிட்டு வந்து படுத்தாலும் மறுபடி எட்டாம் வகுப்பு.

பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் பாடப்புத்தகங்கள் மேலிருந்து கீழே இறங்கும். மூன்றாம் மாடிப் பெண் படித்தது எனக்கு, நான் படித்தது தரைத்தளத்துப் பையனுக்கு. பழுப்புக் காகித அட்டையைப் புதிதாகப் போட்டுக்கொள்ளும் உரிமை மட்டும் எனக்கு உண்டு. மாயப் புத்தகமே வந்திருந்தாலும், மூன்றாம் மாடிப் பெண் மாயத்தையெல்லாம் தீர்த்த பிறகுதான் என்னிடம் வந்திருக்கும்.

பம்பாய் மாநிலம் மகாராஷ்டிரம், குஜராத் என்று பிரிந்த வருஷம் நான் எட்டாவது. ஒன்பதாவதில் சயன்ஸ் பிரிவுக்கு மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். எனக்கு சயன்ஸ் வேண்டும். டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் வேலை பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். அங்கே யாரையும் கலந்துகொள்ளவில்லை.

"அப்பா, பூகோளம் புதுசு வாங்கணுமாம். டீச்சர் சொன்னா."

"ஏண்டி, சஹ்யாத்ரி மலை எழுந்து நடந்து போயிடுத்தா?"

"மாநிலமே ரெண்டாயிடுத்தேப்பா."

"பழசுல ரெண்டும் இருக்கோல்லியோ? உனக்கு வேண்டியது பாதிதான். லாபம்னு நினைச்சுக்கோ."

சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்: "எங்க வெட்டறதுன்னு அதுல போட்டிருக்கா?"

அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

போட்டிருக்கவில்லை. இரவல் கேட்டாலும், புதுப் புத்தகம் வைத்திருந்தவர்கள் பரீட்சை நேரத்தில் அதைக் கையிலிருந்து இறக்கவில்லை. பரீட்சையில் மகாராஷ்டிரத்தின் படம் வரையச் சொன்னார்கள். உத்தேசமாக ஓர் எல்லைக்கோடு இழுத்தேன். சூரத்தை நாமே வைத்துக்கொண்டோம். அதன் பருத்தியையும் நம் கணக்கில் எழுதினேன். குஜராத்துக்கு இந்தச் செய்தி எட்டவில்லை, ஆசிரியைக்கு எட்டியது.

சயன்ஸ் பட்டியலில் என் பெயர் இல்லை. கொஞ்சம்தான் குறைவு. தக்க காரணம் காட்டிப் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் மறுபரிசீலனை உண்டு என்றார் தலைமை ஆசிரியை. எனக்கு உயிர் வந்தது. கட்டடத்தில் எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுப்பவர் அப்பாதான்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்தார். விலாசம், விஷயம், வணக்கம் எல்லாம் அழகாக இறங்கின. காரணத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"என்னன்னு எழுதறது?"

"பழைய புஸ்தகம்னு எழுதுங்கோப்பா."

"ஹெட் கிளார்க்கா இருக்கறவன் பொண்ணுக்கு ஒரு புஸ்தகம் வாங்கித் தரலைன்னா?"

"நிஜம்தானே" என்றாள் அம்மா.

"ஜுரம்னு போட்டுடலாமா?"

"டாக்டர் சர்ட்டிபிகேட் கேப்பா" என்றேன். நடைமுறை அறிவு எனக்கு அன்றே இருந்தது.

அப்பா பேனாவை மூடினார். "கமர்ஸும் நல்ல படிப்புதாண்டி. உடனே வேலை கிடைக்கும்."

கிடைத்தது. பிறர் மனுக்களில் 'காட்டிய காரணம் போதுமானதன்று' என்று எழுதும் வேலை. நன்றாகவே எழுதினேன்.

இப்போது என் மாயப் புத்தகத்தைத் திறந்தால் எல்லைக்கோடு சரியான இடத்தில் இருக்கிறது. சூரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். பட்டியலில் என் பெயர் வருகிறது. டிராம்பே வாசலில் காவலாளி என்னை உள்ளே விடுகிறார். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. உள்ளே என்ன செய்வார்கள் என்பதுதான் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நிற்கிறேன். பிறகு காலியாக இருக்கும் மேஜையில் உட்கார்ந்து, மேலே கிடக்கும் கோப்பைப் பிரிக்கிறேன்.