குழிமேட்டில் விட்ட கம்பளி

பங்களா முதலாளி, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். பழைய உடுப்புகளின் காட்சிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் திறந்த அன்று, எல்லாமே தோட்டத்துச் சனம் விரும்பிக் கொடுத்தவை என்று மேடையில் சொன்னீர்கள். எங்கள் அத்தை மழையில் கொழுந்து பறிக்கத் தலையோடு போர்த்திய கம்பளியை நாங்கள் கொடுக்கவில்லை.

உங்கள் சேகரிப்பு தொடங்கியபோது நான் சின்னப்பிள்ளை. தோட்டத்தோடு பங்களாவை நீங்கள் எடுத்ததும் பழைய பெட்டிகளில் வெள்ளைக்காரத் துரைசானிகளின் கவுன்களும் தொப்பிகளும் கிடைத்தன. அவற்றைப் பூஞ்சணம் தட்டி வெயிலில் போட்டது, அங்கே சமையலறையில் வேலை செய்த என் அம்மாதான். பிறகு நுவரெலியாவிலிருந்தும் கண்டியிலிருந்தும் வண்டியில் உடுப்புகள் வந்தன. அதுவும் போதாமல், கொழுந்து பறிப்பவர்களின் உடுப்பு வேண்டும் என்று நாங்கள் வரிசை அறைகளில் குடியிருந்த லயத்துக்கு ஆள் அனுப்பினீர்கள்.

“போட்டிருக்கிறத அவுத்துக் குடுக்கச் சொல்றாரா உங்க முதலாளி?” என்று கேட்டாள் அத்தை. லயமே சிரித்தது.

அந்த மழைக்காலத்தில் அத்தை இறந்தாள். செத்தவர் உடுத்தியதை நாங்கள் வீட்டில் வைப்பதில்லை. கம்பளியைக் குழிமேட்டில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். பார்த்தால் செத்தவர் கூடவே வந்துவிடுவார். நான் பார்த்துவிட்டேன்.

கொஞ்ச நாளில், பள்ளிவிட்டு அம்மாவைத் தேடிப் பங்களாவுக்குள் போனவள் தவறான கதவைத் திறந்தேன். தலையில்லாத பொம்பிளைகள் வரிசையாக நின்றார்கள். கவுன், கவுன், கடைசியில் அத்தையின் கம்பளி. என் கிழிந்த சிவப்புச் சட்டையில் வெட்டி அவள் போட்ட ஒட்டு அப்படியே இருந்தது. எனக்கு மூத்திரம் காலில் வழிந்தது.

அம்மா ஓடி வந்தாள். அந்த ஒட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் தரையைத் துடைத்தாள்.

“நீ இங்க ஒண்ணும் பாக்கல. வாயத் தொறந்தா நம்மள லயத்த விட்டு எறக்கிருவாங்க.”

வீட்டில் அப்பாவின் காதில் மட்டும் சொன்னாள்.

“செத்த பெறகும் பங்களாவுல வேலையா அவளுக்கு?” என்று அப்பா சிரித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் திரும்பிப் பார்த்ததால்தான் அத்தை வந்துவிட்டாள், தலையைத் தேடி லயத்துக்கும் வருவாள் என்று போர்வைக்குள் நடுங்கிக் கிடந்தேன். பக்கத்தில் அம்மாவும் நடுங்கினாள். அவளுக்கும் அத்தையிடம்தான் பயம் என்று நினைத்தேன். அவள் பயந்தது உங்களுக்கு என்று அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது அம்மாவும் இல்லை, லயத்தில் எங்களுக்கு அறையும் இல்லை. இனி எதைக் காட்டி மிரட்டுவீர்கள்? உயிரோடு இருந்தபோதே அத்தை கொடுக்க மறுத்தாள். குழிமேட்டிலிருந்து அந்தக் கம்பளியை எடுத்தது யார்? நீங்களா, நீங்கள் அனுப்பிய ஆளா? பொய் சொன்ன அதே மேடையில் ஏறி, எங்கள் சனத்துக்கு முன்னால் பதில் சொல்லுங்கள்.