நெடுங்கேணியில் வாங்கிய உழவு மெஷின்

புரட்டாதி மாதத்து வியாழக்கிழமை, காலை ஐந்தே முக்கால். கிளிநொச்சியில் மாங்குளம் பஸ் ஏறினோம். இருபது மைல், ஆளுக்கு ஒரு ரூபாய். கூட வந்தவர் பக்கத்துக் காணிக்காரர் தம்பிராசா அண்ணை; பத்து வருடம் லொறி ஓட்டியவர். எனக்கு மெஷின் என்றால் ஒன்றும் தெரியாது. வைகாசியில் வந்த நோயில் என் இரண்டு எருதுகளும் செத்துவிட்டன. இன்னும் மூன்று கிழமையில் பெருமழை. அதற்குள் ஐந்து ஏக்கரையும் உழாவிட்டால் அந்தப் போகம் இல்லை. அதுதான் பழைய உழவு மெஷின் ஒன்று தேடிப் புறப்பட்டோம்.

மாங்குளத்தில் பஸ் மாறி, எட்டரைக்கு ஒட்டுசுட்டானில் முதல் மெஷினைப் பார்த்தோம். ஒரு நெல் ஆலைக்காரருடையது. புதுச் சிவப்புப் பெயின்ரில் பளபளவென்று நின்றது. எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. தம்பிராசா அண்ணை பெயின்ரைப் பார்க்கவில்லை. எஞ்சினில் உள்ளங்கையை வைத்தார்.

"காலமை ஓட்டினனீங்களோ?"

"இல்லை, ரெண்டு நாளாச் சும்மாதான் நிக்குது."

அண்ணை என் தோளைத் தொட்டு வெளியே கூட்டிவந்தார். "எஞ்சின் கொதிக்குது, தம்பி. குளிரில ஸ்ராட் வராது. நாங்கள் வாறதுக்கு முன்னம் சூடாக்கி வைச்சிருக்கிறான்."

அங்கிருந்து நெடுங்கேணிக்கு ஒரு மரலொறியில் போனோம். இருபுறமும் காடு. பாலையும் முதிரையும் வெயிலை உள்ளே விடாமல் நின்றன. வழியில் ஒரு வீடுகூடக் கண்ணில் படவில்லை.

பத்தரைக்கு, இரண்டாவது மெஷினை விற்க இருந்த மரியம்மாவின் வீட்டு வளவு. அவா முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்து, நெடுங்கேணியில் வாழ்க்கைப்பட்டவா. அந்தப் பக்கத்து வயல்களை ஆறு வருடமாகக் கூலிக்கு உழுதது அவாதான். கணவர் அந்தோனிக்கு ஓட்டத் தெரியாது. பெயின்ர் உரிந்த சாம்பல் நிற மெஷின் மாமரத்தடியில் நின்றது. அண்ணை கை வைத்துப் பார்த்தார். கல்லுப்போலக் குளிர்ந்திருந்தது.

"நானே ஓட்டிக் காட்டுவன். ஆனா இப்ப ஏறக் கூடாதெண்டு டாக்குத்தர் சொல்லிப்போட்டார். ஆறாம் மாசம்," என்றா மரியம்மா. கலியாணமாகிப் பதினாலு வருடத்தில் முதல் பிள்ளை என்று அந்தோனி மெல்லச் சொன்னார். விற்பதற்குக் காரணம் அதுதான்.

நாங்கள் கேட்குமுன் குறைகளையும் சொன்னா. "லைற் எரியாது. கலப்பை தூக்கச் சுணங்கும். பெற்றோலில ஸ்ராட் பண்ணி, சூடு ஏறினாப் பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாத்தோணும். அவசரப்பட்டா நிண்டுபோகும்."

அண்ணை முன்கைப்பிடியைச் சுற்றினார். மூன்றாம் சுற்றில் உறுமியது.

"வளவுக்குள்ள ஓட்டி என்ன தெரியும்? குளத்துக்குக் கீழ சேத்து வயல் இருக்கு, அதுக்குள்ள இறக்குங்கோ," என்றா அவா.

அந்தோனி வரம்பில் கதிரை கொண்டுவந்து போட்டார். மரியம்மா அதில் இருந்து, வயலுக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டா. அண்ணை மெஷினைச் சேற்றில் இறக்கினார். நான் அதைப் பார்த்தேன். அவா காதால் கேட்டா.

"மூண்டாம் கியரில நிக்கிறார். இரண்டுக்கு மாத்தச் சொல்லுங்கோ, அதுக்கு மூச்சு முட்டுது," என்றா என்னிடம். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணை மாற்றினார். சத்தம் தணிந்தது. கலப்பை கரிய சேற்றைப் புரட்டிக்கொண்டு வயலின் மறுகரை வரை நிற்காமல் பல தடவை போய் வந்தது. என் எருதுகள் அரைநாள் இழுக்கும் வேலை, சுருட்டு ஒன்று எரியும் நேரத்தில் முடிந்தது. தம்பிராசா அண்ணை இறங்கி நேரே அவாவின் கதிரையடிக்கு வந்தார்.

"பத்து வருசம் ஓட்டினனான், தங்கச்சி. எனக்கு அப்பிடிக் கேக்கத் தெரியாது."

விலை நாலாயிரத்து ஐந்நூறு. குறைத்துக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவாவே ஐந்நூறு குறைத்தா. "அதுக்குப் பதிலா எங்கட மூண்டு ஏக்கரையும் இந்தப் போகம் நீங்கள் உழுது தரோணும்."

"ஓம்," என்றேன். அடுத்த கிழமையே வருவதாகச் சொன்னேன்.

பகல் ஒன்றுக்குப் புறப்பட்டோம். மரியம்மா படலை வரை வந்து, மெஷினின் மூக்கில் ஒருமுறை தட்டினா. பிறகு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனா.

மாங்குளத்துக்கு ஆறு மைல் இருக்கும்போது அண்ணை எஞ்சினை நிறுத்தினார். முன்னால் யானைகள். ஏழு, நடுவில் ஒரு குட்டி. அவ்வளவு பெரிய உடல்கள் சத்தமேயில்லாமல் தெருவைக் கடந்தன. கடைசி யானை நின்று எங்களைப் பார்த்தது. அது காட்டுக்குள் போனபின்தான் அண்ணை இறங்கி முன்கைப்பிடியைச் சுற்றினார்.

மாலை ஆறேகாலுக்கு, மைமல் வெளிச்சத்தில், என் காணிக்கு வந்து சேர்ந்தோம். நான் பிறந்த யாழ்ப்பாணத்தில் நாங்கள் நிலத்தைப் பரப்புக் கணக்கில் அளப்போம்; ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. அப்பாவுக்கு நாலு பரப்பு. இங்கே எனக்கு எண்பது பரப்பு. குடியேறிய நாள் முதல் அதன் மறுகரையைப் பார்க்கவே பயந்திருந்தேன். அன்று மெஷினில் இருந்தபடி பார்த்தேன். காணி சின்னதாகத் தெரிந்தது.